சோற்றுக்கை எந்தப் பக்கம்?



குழுப் படங்களுக்குக் கீழே 'இடமிருந்து வலமாக' என்று பெயர்களை வரிசைப்படுத்துவது பத்திரிகை அலுவலகத்தில் அன்றாட வேலை. எங்கள் மெய்ப்புத் திருத்துநர் அந்தச் சொற்களைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தை ஒரு முறை தொட்டுப் பார்ப்பார். கடிகாரம் கட்டிய கை இடது கை. அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் பெயர்களுக்குப் போவார். ஓர் ஒற்றுப்பிழைகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. மூன்று பக்கக் கட்டுரையில் ஒரே ஊர்ப்பெயர் இரண்டு விதமாக வந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் இடமா வலமா என்றால் கடிகாரம் சொல்லியாக வேண்டும். "சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் சார்" என்பார், கொஞ்சம் கூச்சத்தோடு.

அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன்.

நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இனெக்கே வான் டெர் ஹாமும் அவருடைய குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் கேட்ட 400 பேரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர், இடம் வலம் பிரித்தறிவதில் தங்களுக்குத் திறமை போதாது என்றார்கள். கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் கட்டாயம் இருப்பார். உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவர் கெட்டிக்காரத்தனமாக மறைத்து வைத்திருக்கிறார் என்று பொருள்.

மறைக்காமல் எழுதிவைத்தவர்களும் இருக்கிறார்கள். மனித மனத்தைத் துருவிப் பார்த்த சிக்மண்ட் பிராய்டு, 1898இல் தன் நண்பர் வில்ஹெல்ம் ஃபிளீஸுக்கு எழுதிய கடிதத்தில் தன் வலது கை எது என்று யோசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததாகச் சொல்கிறார். எழுதுவதுபோல் கையை அசைத்துப் பார்ப்பாராம். அசைகிற கை வலது. நம் மெய்ப்புத் திருத்துநருக்குக் கடிகாரம்; அவருக்குப் பேனா.

மேல், கீழ் யாருக்கும் குழம்புவதில்லை. கீழே போட்டால் பொருள் விழுகிறது; பூமியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. முன், பின் குழம்புவதில்லை. முகம் ஒரு பக்கம்தான் இருக்கிறது. இடத்துக்கும் வலத்துக்கும் அப்படி ஓர் ஆதாரம் வெளியே இல்லை. உடம்பின் இரண்டு பாதிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. பெயரை நினைவில் வைத்து, அதைச் சரியான பாதியில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். குழந்தைகள் தங்கள் கையைச் சரியாகச் சொல்ல ஆறேழு வயதாகிவிடுகிறது. எதிரே நிற்பவரின் கையைச் சொல்ல இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும் என்பதைச் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே அந்தக் காலத்திலேயே குழந்தைகளைக் கவனித்து எழுதியிருக்கிறார். யு.கே.ஜி. பிள்ளை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால் தலையில் குட்டாதீர்கள். அதற்கு இன்னும் வயது வரவில்லை, அவ்வளவுதான்.

வயது வந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. யாருடைய இடம், யாருடைய வலம் என்ற கேள்வி வந்து நிற்கிறது. தில்லையில் நடராசர் தூக்கிய திருவடி இடது. மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடுகிறார், தூக்கியது வலது. எதிரே நின்று கும்பிடுகிறவர் இதைச் சரியாகச் சொல்ல, மனத்துக்குள் ஒரு முறை திரும்பி நின்று பார்த்தாக வேண்டும். மார்பு எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டும்போது நோயாளி நம்மை நோக்கி நிற்பதாகத்தான் வைப்பார்கள். அவருடைய இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம். அதனால்தான் அதன் ஓரத்தில் 'எல்' அல்லது 'ஆர்' என்று ஓர் எழுத்தைப் பதித்துவிடுகிறார்கள். கப்பல்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று கப்பலுக்கே இடம் வலம் கொடுத்துவிட்டார்கள். முன்னோக்கிப் பார்த்தால் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. மாலுமி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மாறாது. ஆற்றுக்கும் அப்படித்தான்: தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இடது கரை. புவியியல் பாடத்தில் திருவையாறு காவிரியின் இடது கரையில் இருக்கிறது.

ஆனால் நம் ஊரில் யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வடகரை என்போம். பாடல் பெற்ற தலங்களையே காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127 என்றுதான் எண்ணி வைத்திருக்கிறோம். மதுரையில் மேல மாசி வீதி, கீழ மாசி வீதி, வடக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி. இடது மாசி வீதி என்று ஒன்று இருந்தால் எத்தனை பேர் தொலைந்து போயிருப்பார்கள்! கிராமத்து வீட்டில் "அந்தக் குடத்தைக் கொஞ்சம் வடக்கால தள்ளி வை" என்று பாட்டி சொன்னால் பேத்தி யோசிக்காமல் தள்ளி வைப்பாள். சாப்பிட உட்காரவும் விளக்கேற்றவும் தலைவைத்துப் படுக்கவும் திசை பார்த்த வாழ்க்கை அது.

1990களில் மொழியியலாளர் எரிக் பெடர்சன் மதுரை வட்டாரத்தில் இதை ஆராய்ந்தார். மேசைமேல் இருக்கும் சின்னப் பொருள்களைப் பற்றிப் பேசும்போதுகூட கிராமத்தவர்கள் வடக்கு தெற்கு என்றார்கள். நகரத்தவர்கள் இடம் வலம் என்றார்கள். பேசியது இருவரும் தமிழ்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கூகு யிமிதிர் மொழி பேசும் பழங்குடியினர் இதை இன்னும் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். அவர்கள் மொழி வழக்கில் பொருள்கள் இருக்குமிடத்தைக் குறிக்க இடம் வலம் கிடையாது. உங்கள் காலருகே எறும்பு ஊர்ந்தால் காலுக்கு வடக்கே ஊர்கிறது என்பார்கள். நீங்கள் திரும்பி நின்றாலும் அது வடக்கேதான். திசை தெரியாதவன் அங்கே வாயே திறக்க முடியாது. நாம் அடுக்குமாடியில் குடியேறி, சூரியன் எந்தச் சன்னலில் வருகிறது என்பதையே மறந்த பிறகு, பாட்டியின் வடக்கும் போயிற்று, இடம் வலமும் பலருக்குச் சரியாக வரவில்லை. இது எனக்கு நட்டக் கணக்காகவே படுகிறது.

போகட்டும். இருப்பதை வைத்துச் சமாளிப்பவர்களின் சாமர்த்தியத்துக்கு வருகிறேன். லைடன் ஆய்வில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், பிரச்சினை இல்லாதவர்கள் உள்பட, ஏதோ ஒரு வகையில் கையைத் துணைக்கு வைத்திருந்தார்கள். நம்மூரில் அதற்குப் பெயரே வைத்துவிட்டோம்: சோற்றுக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் சாப்பிடுகிற கை மறக்காது. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு கைகளையும் உள்ளங்கை வெளியே தெரிய நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, 'எல்' எழுத்து சரியாகத் தெரிகிற கை 'லெஃப்ட்' என்கிறார்கள். அதே விரல்களில் நம் 'ட'வும் தெரிகிறது. 'ட' தெரியும் கை இடது. அந்த எழுத்து 'இடது' என்ற சொல்லின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பட்டாளத்துக்காரர்களின் உத்தி இன்னும் சுவையானது. கேரளத்திலும், ஒரு காலத்தில் திருவிதாங்கூரோடு இருந்த குமரி மாவட்டத்திலும் 'ஓலைக்கால், சீலைக்கால்' என்று ஒரு வழக்கு உண்டு. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்கு ஒரு காலில் ஓலையும் மறு காலில் துணியும் கட்டிவிட்டு, அதையே கூவி அணிநடை பழக்கினார்களாம். ரஷ்யாவிலும் அமெரிக்காவிலும் பண்ணையிலிருந்து வந்த இளைஞர்களுக்கு ஒரு காலில் உலர்புல், ஒரு காலில் வைக்கோல் என்று இதே கதையைச் சொல்கிறார்கள். எந்த ஊர் ஹவில்தாரும் மனிதனின் மூளையை நம்பவில்லை, காலைத்தான் நம்பினார் என்று தெரிகிறது.

லாரிக்காரர்கள் 'டிரைவர் சைடு', 'கிளீனர் சைடு' என்பதும் இந்த வகைதான். வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் கிளீனர் இடம் மாறி உட்காருவதில்லை. மோட்டார் சைக்கிள் கற்றுக்கொடுப்பவர்கள் ஆக்சிலரேட்டர் கைப் பக்கம், கிளட்ச் கைப் பக்கம் என்று சொன்னால் போதும், பாதிப் பதற்றம் குறையும். டிரைவிங் பள்ளிகளில் "லெஃப்ட்டுன்னா லெஃப்ட் தெரியாதா?" என்று கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதறினால் இந்தத் தடுமாற்றம் கூடும். கத்தக் கத்த எதிர்ப்பக்கம்தான் திரும்புவார்கள். 'பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வராது' என்று ஒரு கேலி வேறு. பல ஆய்வுகளில் பெண்கள்தான் அதிகம் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது உண்மை. ஒப்புக்கொள்வதில் ஆண்கள் எவ்வளவு சிக்கனமானவர்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

கேலியை விட்டுவிட்டுக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: மருத்துவமனை. கண் இரண்டு, முழங்கால் இரண்டு, சிறுநீரகம் இரண்டு. மருத்துவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தான். ஏழில் ஒருவர் கணக்கிலிருந்து அவர்களுக்கு மட்டும் விலக்கு இருக்க முடியாது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களைச் சோதித்தபோது, வேலை நடுவே யாராவது குறுக்கிட்டுக் கேள்வி கேட்டால் இடம் வலம் பிழைபடுவது அதிகமானது. அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் அமைப்பு, அறுவை செய்ய வேண்டிய இடத்தில் மருத்துவரே பேனாவால் கையெழுத்திட வேண்டும் என்று 1998இல் ஓர் இயக்கம் தொடங்கியது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் எல்லோரும் ஒரு கணம் நிறுத்தி, நோயாளியின் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, எந்த இடம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவைச் சிகிச்சை என்றால், எந்தப் பக்கம் என்று கேட்கும்போது வாயால் சொல்வதோடு கையாலும் தொட்டுக் காட்டுங்கள். குறி போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. பிறந்ததிலிருந்து இருக்கிற குழப்பம் நோய் ஆகாது. ஆனால் இதுவரை சரியாகச் சொல்லிவந்த ஒருவர் திடீரென்று இடம் வலம் தெரியாமல், விரல்களை அடையாளம் சொல்ல முடியாமல், எழுதவோ கணக்குப் போடவோ தடுமாறினால் அது வேறு. வியன்னாவைச் சேர்ந்த ஜோசப் கெர்ஸ்ட்மன் 1920களில் கவனித்து விவரிக்கத் தொடங்கிய மூளைப் பாதிப்பின் அறிகுறிகள் இவை. பக்கவாதமாகவும் இருக்கலாம். காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். வழி சொல்லும்போது கையை நீட்டிச் சொல்லுங்கள். 'பிள்ளையார் கோயில் தாண்டி, டீக்கடை இருக்கிற பக்கம்' என்று சொல்லுங்கள். எதிரே இருப்பவர் ஒரு நொடி தயங்கிக் கையைப் பார்த்தால் அந்த நொடியை அவருக்குக் கொடுங்கள், சிரிக்க வேண்டாம். தடுமாற்றம் உள்ளவர்கள் கடிகாரத்தையோ மோதிரத்தையோ மச்சத்தையோ தாராளமாக, எல்லோருக்கும் தெரியவே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தலைமுறையாக வழங்கிவரும் உத்தி ஏதாவது இருந்தால் ஓர் அஞ்சலட்டையில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்