‘சோக்’ என்ற சொல்லும் திரும்பத் திரும்ப வரும் பழுதும்

டெல்லி ஆசாத்பூர் மண்டியில் விடியுமுன் காய்கறி ஏற்றிக்கொண்டு நகருக்குள் புறப்படும் டீசல் பிக்கப் வண்டிகளுள் 2020 ஏப்ரலுக்குப் பின் வாங்கியவற்றுக்கென்று தனியாக ஒரு நோய் உண்டு. முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். சில நாள்களில் இழுவை குறைந்து வண்டி ஊரத் தொடங்கும். பட்டறையில் ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டை அழிப்பார்கள். அல்லது எதையேனும் கழற்றிக் கழுவி மாட்டுவார்கள். விளக்கு அணையும். இரண்டு மூன்று வாரங்களில் அதே விளக்கு மறுபடியும் எரியும். லூதியானாவின் டிரான்ஸ்போர்ட் நகரில் விசாரித்தாலும் கதை பெரிதும் மாறாது. ‘பிஎஸ் 6 வண்டியே இப்படித்தான்’ என்று உரிமையாளர் முடிவுக்கு வருகிறார். ‘மெக்கானிக்குக்குப் பயிற்சி போதாது’ என்கிறார் பொறியாளர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆயினும் மொழியியலாளர்களின் கண்ணில் பட்டிருக்க வேண்டிய, இதுவரை படாத, மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. பழுதுக்கு இட்டு வழங்கும் பெயரே பல வேளைகளில் தவறான வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது.

வடஇந்தியப் பட்டறை வழக்கில் அந்தப் பெயர் ‘சோக்’. ‘டிபிஎஃப் சோக் ஹோ கயா’ என்பார்கள். (கார்புரேட்டரில் ‘சோக்’ என்று ஓர் உறுப்பு உண்டு, இது அதுவன்று.) சொல் புதிதாக வந்ததன்று. டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் ஓடிய காலத்தில் ‘சைலன்சர் சோக்’ என்பது அன்றாட வழக்கு. எரியாத எண்ணெயும் கரியும் சைலன்சருக்குள் படிந்து புகை வெளியேற வழியின்றிப் போகும்; கழற்றி, நெருப்பில் சுட்டு அல்லது காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து மாட்டினால் வண்டி பழையபடி ஓடும். அங்கே அடைப்பே நோய், அடைப்பை நீக்குவதே மருந்து. ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் கைகள் அந்தச் சொல்லோடு சேர்த்தே இந்த வைத்தியத்தையும் கற்றுக்கொண்டன. தமிழில் ‘அடைப்பு’ என்று சொன்னாலும் இதே நினைவுதான் எழும்.

இன்றைய டீசல் துகள் வடிகட்டிக்கு இந்தச் சொல் பொருந்துவதில்லை. சிக்கல் தொடங்கும் இடம் அது. இந்த வடிகட்டி தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிர் முனைகளில் மூடப்பட்டிருக்கும். புகை குழாயின் சுவரை ஊடுருவித்தான் வெளியேற வேண்டும், கரித்துகள் சுவரிலேயே தங்கிவிடும். ஆகவே நிறைவது அதன் இயல்பு, அதன் தொழில். நிறைந்த கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டியது இயந்திரத்தின் பொறுப்பு. வழக்கத்தைவிடப் பின்தள்ளிச் சிறிதளவு டீசலைப் பீய்ச்சி, புகைப்போக்கியின் வெப்பத்தைச் சுமார் 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்திக் கரியை எரித்துவிடும். இதற்கு ‘ரீஜெனரேஷன்’ என்று பெயர். இப்படியிருக்க, நிறைந்துவிட்டது என்று சொல்வதால் எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எரிந்து தீர்ந்திருக்க வேண்டிய கரி ஏன் எரியவில்லை? அல்லது, எரிக்க எரிக்கத் தீராத அளவுக்குக் கரி எங்கிருந்து வருகிறது?

முதல் கேள்விக்குரிய விடைகள் ஒரு வகை. மண்டியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து அடுத்த கடைக்கு என்று நின்று நின்று ஓடும் வண்டியில் புகைப்போக்கி வேண்டிய அளவு சூடேறுவதே இல்லை; தொடங்கிய எரிப்பு பாதியில் நின்றுபோகிறது. தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் இயந்திரம் தன் இயல்பான வெப்பத்தை எட்டாது, கட்டுப்பாட்டுக் கணினி எரிப்பைத் தொடங்கவே அனுமதிக்காது. மலிவான ஒரு தெர்மோஸ்டாட்டுக்காக விலையுயர்ந்த வடிகட்டியைக் கழற்றிக் கழுவும் காட்சி இப்படித்தான் நிகழ்கிறது. இரண்டாம் கேள்விக்குரிய விடைகள் வேறு வகை: ஒழுகும் இன்ஜெக்டர், திறந்தபடி சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வு, டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையே வெடித்த ரப்பர் குழாய். இவற்றுள் ஒன்று இருந்தாலும் கரி மிகும். வடிகட்டியை எத்தனை முறை கழுவினாலும் மீண்டும் நிறையும். எரியாத சாம்பல் படிவது இன்னொன்று. அது எண்ணெயிலிருந்து வருவது, எந்த எரிப்பாலும் போகாது. வண்டி பெருந்தொலைவு ஓடிய பின்னரே அது பொருட்படுத்தத்தக்க அளவை எட்டும். இளம் வண்டியில் எட்டினால், சாம்பல் குறைந்த வகை எண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இத்தனை காரணங்களையும் ‘சோக்’ என்ற ஒற்றை ஓசை விழுங்கிவிடுகிறது. அதன்பின் ‘கட்டாய ரீஜென்’ என்று பட்டறையில் நிறுத்தியே எரிக்கிறார்கள். பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே வழிந்து எண்ணெயில் கலக்கிறது. அளவுக்கோலில் எண்ணெய் மட்டம் ஏறுகிறது. எண்ணெய் குறையவில்லையே என்று உரிமையாளர் மகிழ்வதும் உண்டு.

ஸ்கேனர் வந்தபின் இந்தக் குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும் என்று தோன்றலாம். தீரவில்லை. ஸ்கேனர் காட்டும் குறியீட்டைப் பட்டறை ஒரு பொருளின் பெயராக வாசிக்கிறது. உண்மையில் அது ஒரு வாக்கியம். பி2463 என்பது வடிகட்டியில் கரி மிகுதியாகச் சேர்ந்துள்ளது என்கிறது. பி2002 வடிகட்டியின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்கிறது. பொதுவாக, வடிகட்டி விரிசல் கண்டோ கழற்றப்பட்டோ கரியைத் தப்பவிடுகிறது என்னும் ஐயத்தையே அது குறிக்கும். ஒன்று நிறைந்ததைச் சொல்கிறது, மற்றது ஓட்டையைச் சொல்கிறது. ஏறக்குறைய எதிரெதிரான இவ்விரு கூற்றுகளும் பட்டறையில் ‘டிபிஎஃப் கோடு’ என்ற ஒரே பெயரைப் பெறுகின்றன. வினை விழுந்துவிடுகிறது, எழுவாய் மட்டும் எஞ்சுகிறது.

அதனினும் நுட்பமான இழப்பு ஒன்றுண்டு. கணினி வடிகட்டியைப் பார்ப்பதில்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் செருகிய இரண்டு சிறு குழாய்கள் வழியே ஓர் உணரி அழுத்த வேறுபாட்டை அளக்கிறது. அந்த அளவையும் புகையின் ஓட்டத்தையும் கொண்டு கணினி கரியின் அளவை ஊகிக்கிறது. அந்த ரப்பர் குழாய் வெப்பத்தில் வெடித்தாலோ, அதற்குள் நீரோ கரியோ தேங்கினாலோ, ஊகம் பிறழும். ஆகவே கணினியின் கூற்றுக்கு நேர்நிலை இறந்தகாலம் பொருந்தாது. தமிழ் இலக்கணத்திடம் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது: ‘ஆம்’ என்னும் ஈறு. ‘கரி நிறைந்துவிட்டது’ என்பது கண்டவன் கூற்று. ‘கரி நிறைந்துவிட்டதாம்’ என்பது கேட்டவன் கூற்று. தெலுங்கில் ‘அட’, கன்னடத்தில் ‘அந்தெ’, மராத்தியில் ‘ம்ஹணே’ இதே வேலையைச் செய்கின்றன. சான்றுநிலை என்று கருத்தரங்குகளில் பேசப்படும் இந்த வகைமை, பாட்டியின் கதைகளிலும் அமேசான் படுகை மொழிகளிலும் தேடப்பட்ட அளவுக்கு வண்டிப் பட்டறையில் தேடப்படவில்லை. ஒவ்வொரு பழுதுக் குறியீடும் ‘ஆம்’ ஈற்று வாக்கியமே. சொன்னவர் யார், அவர் நம்பத்தக்கவரா என்ற கேள்வி அந்த ஈற்றுக்குள்ளேயே இருக்கிறது.

குறியீட்டை அழிப்பதன் தீங்கும் இங்கே விளங்கும். பழுது பதிவான கணத்தில் வண்டியின் வேகம், இயந்திரச் சுழற்சி, குளிர்நீரின் வெப்பம் முதலியவற்றைக் கணினி ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பெயரில் சேமித்து வைக்கிறது. அரை மணி ஓடிய பிறகும் குளிர்நீர் 60 டிகிரியைத் தாண்டவில்லை என்று அதில் தெரிந்தால் ஐயம் உடனே தெர்மோஸ்டாட்டின் மேல் விழும். குறியீட்டை அழித்தால் இந்தச் சாட்சியமும் உடன் அழியும். முதலில் படித்து எழுதிவைத்துக்கொண்டு பிறகு அழிக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். விளக்கு அணைந்ததையே பழுது நீங்கியதாகக் கருதும் இடத்தில் அந்த நிமிடம் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

பெயர் நேரடியாகவே கேடு செய்யும் இடம் யூரியா. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க எஸ்சிஆர் அமைப்பு உள்ள வண்டிகளில் 32.5 விழுக்காடு தூய யூரியா கரைந்த நீர்க்கரைசல் தனித் தொட்டியில் ஊற்றப்படுகிறது. நிறுவனங்கள் அதை டிஇஎஃப் என்கின்றன. ஓட்டுநர்கள் ‘யூரியா’ என்கிறார்கள். வேதியியல் நோக்கில் ஓட்டுநர் சொல்வதே துல்லியம். ஆனால் இந்தியக் கிராமப்புறத்தில் யூரியா என்றால் மானிய விலையில் கிடைக்கும் 45 கிலோ மூட்டை. 2015 முதல் அது முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டது. உரத்தைத் தொழிற்சாலைகளுக்குத் திருப்பிவிடுவதைத் தடுப்பதும் அந்தப் பூச்சின் நோக்கங்களுள் ஒன்று. அதைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் எண்ணெயும் பிற மாசுகளும் வினையூக்கியைக் கெடுக்கும், பீய்ச்சுகுழலை அடைக்கும். பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்த எண்ணத்தை மறுக்க ஓட்டுநரின் மொழியில் கண்ணில் படும்படி ஒரு வாக்கியம் எழுதப்படாததே வியப்பு. இதே அமைப்பில் பி20இஇ என்ற குறியீடு வந்தால் ‘சென்சார் போச்சு’ என்று உணரியை மாற்றுகிறார்கள். அந்தக் குறியீடு சொல்வது வினையூக்கியின் மாற்றுத்திறன் வரம்புக்குக் கீழே என்பதை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடு உணரிகள் அம்மோனியாவையும் நைட்ரஜன் ஆக்சைடாகவே எண்ணிக்கொள்பவை. ஆகவே யூரியா அளவுக்கு மீறிப் பாய்ந்து அம்மோனியா தப்பி வந்தாலும் இதே குறியீடு எழக்கூடும். உணரி புதிதானாலும் அதே விளக்கு எரிவதில் மர்மம் ஏதுமில்லை.

இதில் கல்விப்புலத்தின் பங்கு என்ன? அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் டெல்லியில் இயங்குகிறது. மாநிலங்களில் தனித்தனி முயற்சிகளும் உண்டு. இவற்றின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் கலைச்சொல்லாக்கம் என்பது பெரும்பாலும் பெயர்ச்சொல்லாக்கமாகவே இருந்துவருகிறது. ‘பார்ட்டிகுலேட் ஃபில்டர்’ என்பதற்கு ‘துகள் வடிகட்டி’ என்று பெயரிட்டதும் பணி முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. பட்டறைக்கு அந்தப் பெயர் தேவையே இல்லை. ‘டிபிஎஃப்’ என்று அவர்களே நன்றாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் இல்லாதவை நிபந்தனை வாக்கியங்கள்: இது இப்படியிருந்தால் அதைப் பார், அதுவும் சரியென்றால் இதைச் சோதி. ஆங்கிலப் பழுதுநீக்கக் கையேடு என்பது அடிப்படையில் ‘ஆல்’ ஈற்று வாக்கியங்களின் நீண்ட சங்கிலி. பெயர்கள் ஆங்கிலத்திலிருந்து வந்துவிட்டன. இணைக்கும் வாக்கியங்கள் வரவில்லை. முனைவர்ப் பட்டத்துக்கென்று தொகுக்கப்பட்டு நூலக அடுக்கில் உறங்கும் சொல்லடைவுகளின் எண்ணிக்கையை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கும்.

மொழியே எல்லாவற்றுக்கும் காரணம் என்று வாதிடுவது மொழியியலாளர்களின் பழைய பலவீனம். மெக்கானிக்குக்குக் கூலி கிடைப்பது மாற்றிய பாகத்துக்கு. யோசித்த நேரத்துக்கு எவரும் தருவதில்லை. மாதத் தவணை கட்டும் உரிமையாளருக்கு வண்டி ஒரு நாள் நின்றாலும் இழப்பு. ஆழமான சோதனைகளுக்கான மென்பொருளை நிறுவனங்கள் தங்கள் சேவை மையங்களுக்குள் வைத்துக்கொள்கின்றன. நல்ல வாக்கியம் இவற்றுள் எதையும் மாற்றாது. ஆனால் நல்ல வாக்கியம் இல்லாத இடத்தில் கடைசித் தீர்வாக என்ன வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாம் முறை விளக்கு எரிந்ததும் ‘டிபிஎஃப் டெலீட்’ என்ற யோசனை காதில் விழுகிறது: உள்ளிருக்கும் பீங்கானை உடைத்தெறிந்து, கணினியின் மென்பொருளையும் மாற்றிவிடுவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு அது முரணானது. ஆயினும் டீசல் வண்டிக்கான மாசுச் சான்றிதழ்ச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை, துகள்களை எண்ணுவதில்லை. குளிர்காலத்தில் பள்ளிகளை மூடவேண்டிய அளவுக்குக் காற்று கெடும் நகரில், கந்தகத்தை 50 பிபிஎம்மிலிருந்து 10 பிபிஎம்மாகக் குறைத்த எரிபொருளும் பிஎஸ் 5 என்ற படியையே தாண்டி வந்த விதிமுறையும், இருபது ரூபாய்க் குழாயில் விழுந்த ஒரு வெடிப்பினால் வீணாகின்றன.

ஐடிஐக்களில் ‘மெக்கானிக் டீசல்’ ஓராண்டுப் படிப்பாக நடத்தப்படுகிறது. பிராந்திய மொழித் துறைகளிலிருந்து இருவர், அந்தப் பயிற்றுநர்கள் இருவர் என்று நான்கு பேர் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து, அடிக்கடி வரும் இருபது குறியீடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பெயர்களைத் தொட வேண்டாம். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வாக்கியங்களாக எழுதினால் போதும். பி2463க்குத் தமிழில் இப்படி வரலாம்: வடிகட்டியில் கரி நிறைந்துவிட்டதாம், சொல்வது அழுத்த உணரி. சாவியைத் திருப்பி இயந்திரத்தை இயக்காமல் பார்த்தால் அழுத்த வேறுபாடு சுழியை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வடிகட்டியைக் கழற்றாதே; உணரியையும் அதன் இரண்டு குழாய்களையும் முதலில் பார்.