அரண்மனைக்கு அரை நாள், கடலுக்கு ஒரு கரை: குமரியின் தனிவண்டிச் சுற்றுலா குறித்த நிலைப்பாடு

திருவனந்தபுரத்திலோ கோவளத்திலோ கன்னியாகுமரியிலோ தங்கியிருப்பவர் காலையில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, பத்மநாபபுரம் அரண்மனையையும் குமரிக் கடற்கரையையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புவது இன்று வாடிக்கையாகிவிட்டது. இப்படிப்பட்ட பயணத்துக்குத் தரப்படும் பட்டியலில் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, சுசீந்திரம் கோயில், வட்டக்கோட்டை, விவேகானந்தர் பாறை, கடைசியில் சூரியன் மறையும் காட்சி என்று எட்டு இடங்கள் வரிசையாக நிற்கும். பட்டியல் நீள நீளப் பணத்துக்கு மதிப்புக் கூடுகிறது என்று வாங்குபவரும் நம்புகிறார், விற்பவரும் நம்பவைக்கிறார்.

இந்தப் பட்டியலைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும் என்பதே குமரி மாவட்டத்து வழிகாட்டிகள், ஓட்டுநர்கள், வரலாற்று ஆர்வலர்கள் சேர்ந்த மன்றத்தின் நிலைப்பாடு. அரண்மனைக்கு அரை நாள் முழுதாக வேண்டும். கடலுக்கு ஒரே ஒரு கரை போதும். இரண்டையும் இணைத்துச் சொல்லத் தெரிந்த ஒரு வழிகாட்டி கூட இருக்க வேண்டும். அவருடைய கூலி வண்டி வாடகைக்குள் மறைந்துவிடாமல் தனியாகத் தெரிய வேண்டும்.

கணக்கைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். அரண்மனை காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை உணவு இடைவேளை. மாலை நாலரையோடு பார்வை நேரம் முடிகிறது. திங்கட்கிழமை விடுமுறை. பாறைக்குப் போகும் படகுச் சேவை வழக்கமாக மாலை நான்கு மணியோடு நின்றுவிடும். திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பும் வண்டி களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி, அரண்மனைக்கு அருகிலுள்ள தக்கலை வந்து சேரவே பத்தரை, பதினொன்று ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு பட்டியலின் மற்ற இடங்களையும் பார்த்துப் படகு வரிசையைப் பிடிக்க வேண்டுமென்றால் அரண்மனையில் முக்கால் மணி நேரம்தான் மிஞ்சும். ஆறரை ஏக்கரில் பரந்து கிடக்கும் ஒரு கட்டடத் தொகுதியை, செருப்பைக் கழற்றிவிட்டு, குறுகிய மரப்படிகளில் ஏறி இறங்கி, முக்கால் மணி நேரத்தில் பார்ப்பவர் எதைப் பார்த்திருக்க முடியும்?

நின்று பார்க்க அங்கே எவ்வளவோ இருக்கிறது. பூமுகத்தின் மரக்கூரையில் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல் செதுக்கிய பூக்கள். அங்கே தொங்கும் குதிரை விளக்கு. மேலே மந்திரசாலையின் பலகணிகளில் பதித்த வண்ண மைக்கா வழியே இறங்கும் மங்கிய ஒளி. அரண்மனைத் தரைகளின் கறுப்புப் பளபளப்பு தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து வந்தது என்பார்கள். வேணாட்டு மன்னர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601 வாக்கில் கட்டத் தொடங்கிய இந்த இடத்துக்கு அப்போது கல்குளம் என்று பெயர். தாய்க் கொட்டாரம் அந்தப் பழைய காலத்தின் மிச்சம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாதான் கோட்டையைக் கருங்கல்லில் எழுப்பி, உப்பரிகை மாளிகையைக் கட்டி, தன் குலதெய்வத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார். நான்கடுக்கு கொண்ட அந்த மாளிகையின் உச்சி அறை பத்மநாபனுக்குரியது. அதன் சுவர்களில் உள்ள ஓவியங்கள் கேரள மரபுச் சுவரோவியங்களில் மிகச் சிறந்தவற்றோடு வைத்து எண்ணத்தக்கவை. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியதால்தான், பிற்காலத்து ஆடம்பரங்கள் இதன் மேல் ஏறாமல் மரமும் கல்லும் ஓடுமாக இது தப்பியது.

பயணிகளில் பலர் ‘மணிச்சித்திரத்தாழ்’ எடுத்த அரண்மனை எது என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. ஒரு படம் ஒருவரை வாசல் வரை கூட்டி வந்தால், மீதிப் பொறுப்பு வழிகாட்டியுடையது.

அந்த மீதிக் கதையில்தான் கடல் வருகிறது. அரண்மனையையும் கரையையும் ஒரே நாளில் பார்க்கவே கூடாது என்று மன்றம் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வரலாறு என்பதால் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறது. மலபாரின் மிளகுக்காக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் திருவிதாங்கூரும் மோதியபோது, இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை 1741இல் குளச்சலில் இறங்கியது. கரையோர ஊர்களைப் பிடித்துக்கொண்டு கல்குளத்தை நோக்கி நகர்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 10 அன்று குளச்சலில் அது தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவரான டி லனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து ‘வலிய கப்பித்தான்’ ஆனார். உதயகிரிக் கோட்டையும் வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் வலுப்பெற்றவை. 1777இல் இறந்த அவரை உதயகிரிக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அங்கே இடிந்து கிடக்கும் தேவாலயத்தில் அவருடைய கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பயணி அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது முகம் மாறுவதை வழிகாட்டிகள் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே மன்றம் பரிந்துரைக்கும் நாள் இப்படி அமையும்: காலை ஒன்பதுக்கு அரண்மனை, நண்பகல் வரை அங்கேயே. தக்கலையில் சாப்பாடு. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கிடைக்கும் சிறு கடைகள் இருக்கும்போது, நெடுஞ்சாலை ஓட்டலில் பஃபே தேடவேண்டியதில்லை. வெயில் தாழ்வதற்குள் மரநிழல் உள்ள உதயகிரி. பிறகு வெற்றித்தூண் நிற்கும் குளச்சல், இல்லையென்றால் முட்டம். கன்னியாகுமரியில் தங்கியிருப்பவர்கள் குளச்சலுக்குப் பதிலாக, திரும்பும் வழியில் வட்டக்கோட்டையின் மதில் மேல் மாலையைக் கழிக்கலாம். விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் 30இல் திறந்த கண்ணாடிப் பாலம் ஆகியவற்றுக்கு வேறொரு காலைப் பொழுது வேண்டும். அதை இந்த நாளின் வாலில் கட்டித் தொங்கவிடக்கூடாது.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது, அதற்குள் முடிந்தவரை காட்டுவதுதானே நியாயம் என்று பயண முகவர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்தோ வட மாநிலங்களிலிருந்தோ வருபவர் மீண்டும் வருவது அரிது என்பதும் உண்மைதான். ஆனால் எட்டு இடம் பார்த்த நாளில் அந்தப் பயணி அதிக நேரம் பார்த்தது காரின் கண்ணாடியைத்தான். தொட்டிப்பாலத்துக்கும் அருவிக்கும் போய்வரும் கிராமச் சாலைகளிலேயே பிற்பகல் கரைந்துவிடுகிறது. மாத்தூர் பாலம் பார்க்க வேண்டிய பாலம்தான், 1960களின் அந்தப் பொறியியல் முயற்சி இன்னும் கம்பீரமாக நிற்கிறது. அதன் கதை அணைகளின், பாசனத்தின் கதை. அதற்குரிய நாள் வேறு.

இனி, கதையை யார் சொல்வது என்பது. ஓட்டுநரையே வழிகாட்டியாகவும் விற்கும் பழக்கத்தை மன்றம் எதிர்க்கிறது. ஓட்டுநர்களைக் குறைத்துச் சொல்லும் நோக்கம் இதில் இல்லை, மன்றத்தில் பாதிப் பேர் ஓட்டுநர்களே. இரண்டு வேலைக்கு ஒரு கூலி கொடுப்பதும், விடியலில் கிளம்பி இரவு வரை ஸ்டியரிங் பிடிப்பவரிடம் வரலாறும் எதிர்பார்ப்பதும் அநியாயம். பேட்டா, வெயிட்டிங் எல்லாம் சேர்த்தாலும் பெட்ரோல் போக அவர் கையில் நிற்பது சொற்பம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கடை கமிஷன் வருகிறது. முந்திரிக் கடையிலும் சங்குக் கடையிலும் பயணியை இறக்கிவிட்டால் வண்டிக்கு இவ்வளவு என்ற ஏற்பாடு இருக்கும்வரை, அரண்மனைக்கான நேரத்தைக் கடைதான் தின்னும். கமிஷன் கடைகளைப் பயணத் திட்டத்திலிருந்து அறவே நீக்க வேண்டும். பயணி தானே கேட்டால் கூட்டிப் போகலாம். மஞ்சள் போர்டு வண்டி, அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி, தனித்தனியாக எழுதிய கட்டணம் ஆகிய மூன்றையும் முன்பதிவின்போதே பயணி கேட்டு வாங்கலாம், அது அவர் உரிமை.

வழிகாட்டி சொல்லும் கதை முழுமையாக இருக்க வேண்டும் என்பதிலும் மன்றம் உறுதியாக இருக்கிறது. ஊட்டுப்புரையின் நீண்ட கூடத்தைக் காட்டி, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்த இடம் என்று பெருமையாகச் சொல்வது வழக்கம். திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் பெரும்பாலும் பிராமணர்களுக்கு உணவிட்டவை, மற்றவர்களுக்கு அங்கே இலை போடவில்லை என்பதும் அதே மூச்சில் சொல்லப்பட வேண்டும். இந்த அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்டப் பிள்ளை, டி லனாயின் தொடர்பால் 1745இல் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. தோள்சீலை அணியும் உரிமைக்காக இந்த மண்ணின் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி 1859இல் அரச ஆணை பெற்றதும், அதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எழுந்ததும் இதே அரசின் வரலாறு. அரண்மனையின் அழகைக் குறைக்காமலே இதையெல்லாம் சொல்லலாம். சொன்னால்தான் பயணிக்கு அது வெறும் மரவேலைக் கண்காட்சியாக நில்லாமல் மனிதர்கள் வாழ்ந்த இடமாகத் தெரியும்.

1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே இருக்கிறது. அந்தத் துறை அதைப் பொறுப்போடு பேணிவருவதை மன்றம் மனமாரப் பாராட்டுகிறது. நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போது இரு மாநிலக் காவலர்களும் சேர்ந்தே நிற்கிறார்கள். அந்த ஒத்துழைப்பு சுற்றுலாவுக்கும் நீள வேண்டும். இரு மாநிலங்களின் அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளும் அரண்மனைக்குள் தடையின்றிப் பணிசெய்ய ஒரே அனுமதி அட்டை வேண்டும். நேரம் குறித்த நுழைவுச் சீட்டும் வேண்டும். விடுமுறை நாட்களில் மரப்படிகள் தாங்கும் கூட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கும் ஒரு கட்டடத்துக்கு இது மிகையான கோரிக்கை அல்ல.

கரையைப் பற்றிய நிலைப்பாடு இன்னும் கறாரானது.

முட்டத்தைத் தமிழர்கள் ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தின் பாறைகளாக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது மீனவர்களின் ஊர். வள்ளம் இழுத்து வைக்கும் இடம், வலை பழுதுபார்க்கும் இடம், மீன் காயும் இடம் எல்லாம் ஒருவருடைய தொழிற்களம். கரமடி வலை இழுக்கும்போது நடுவில் புகுந்து படம் எடுப்பதும், கேட்காமல் பெண்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதும் கூடாது. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரை, குறிப்பாகக் குளச்சலும் மணக்குடியும், எத்தனையோ பேரை இழந்தது. அந்த நினைவிடங்களில் செல்ஃபிக்கு நேரம் ஒதுக்கும் திட்டத்தை எந்த உறுப்பினரும் விற்கக்கூடாது.

கடலில் இறங்குவது தனி விஷயம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் எழும் புயலின் வீக்கம் இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து மோதும். வானம் தெளிவாக இருப்பதைப் பார்த்துக் கடலை நம்பக்கூடாது. ஹைதராபாத்திலுள்ள தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. பயணநாள் காலையில் அதைப் பார்ப்பது வழிகாட்டியின் கடமை. எச்சரிக்கை இருந்தால் கரைத் திட்டம் ரத்து, பணத்தில் அந்தப் பகுதி திரும்ப. தென்மேற்குப் பருவமழை மாதங்களில், எச்சரிக்கை இல்லாத நாளிலும் மேற்குக் கரையில் பயணியைத் தண்ணீரில் இறக்கக்கூடாது. பாறை மேல் ஏறிப் படம் எடுக்கக் கேட்பவரிடம் ‘வேண்டாம் சார்’ என்று சொன்னதற்காக எந்த வழிகாட்டிக்கும் கூலியோ மதிப்பெண்ணோ குறையக்கூடாது. முகவர்கள் இதை எழுத்தில் ஏற்க வேண்டும்.

செலவு கூடும் என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. இடங்கள் குறைந்தால் கிலோமீட்டரும் எரிபொருளும் குறைகின்றன. அந்த மிச்சம் வழிகாட்டியின் கூலியில் கணிசமான பகுதியை ஏற்கும். நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு மீதிச் சுமை பெரிதாக இராது. தனியாக வருபவருக்கு அது கனமாகத்தான் இருக்கும். அத்தகையவர்கள் சேர்ந்து செல்ல, நாகர்கோவிலிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வழிகாட்டியோடு கூடிய சிற்றுந்து ஒன்றைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இயக்க வேண்டும் என்று மன்றம் கேட்டுக்கொள்கிறது. அரண்மனை திறந்திருக்கும் நாட்களில், ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கும்படி அது கிளம்ப வேண்டும்.