கிழவர்களைக் கேட்டார்களா?

கொரோனா என்னும் கொள்ளை நோய் நம் நாட்டைப் பிடித்து உலுக்கிய 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களிலும் சர்க்கார்களின் வாயில் ஓயாமல் புரண்ட வார்த்தைகளில் ஒன்று "முதியோர்" என்பதாகும். முதியோரைக் காப்பாற்றுங்கள், முதியோரை வெளியே விடாதீர்கள் என்று ரேடியோவிலும் டெலிவிஷனிலும் நாள் தவறாமல் உபதேசம் நடந்தது. ஆனால் அந்த முதியோரை ஒரு தரமாவது கூப்பிட்டு, "ஐயா, அம்மா, உங்கள் பேரால் உத்திரவு போடப் போகிறோம், உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டவர்கள் யார் என்றுதான் நாம் கேட்கிறோம். 2011 சென்சஸ்படியே இந்நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 10 கோடிக்கு மேல். பத்துக் கோடி ஜனங்களுக்கும் மூளையும் வாயும் இருக்கின்றன என்பதை அடியோடு மறந்துவிட்டு, அவர்களை ஆடு மாடுகளைப் போல் எண்ணிக் கொட்டிலில் அடைத்ததற்குப் பெயர் பாதுகாப்பாம்!

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நோய் பொய் என்றோ, ஊசி வீண் என்றோ, முகமூடி மோசடி என்றோ சொல்லும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்கள் அல்ல. அந்த நோய் வாலிபர்களை விடக் கிழவர்களையே அதிகமாகக் கொன்றது என்பதும், தடுப்பூசி லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது என்பதும் உண்மை. ஆதலால் கிழவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் காரணத்தை எடுத்துச் சொல்லி எச்சரிப்பது வைத்தியன் வேலை. காரணம் சொல்லாமல் கதவைச் சாத்துவது ஜெயிலர் வேலை. நம்மவர்கள் இந்த இரண்டில் எந்த வேலையைச் செய்தார்கள் என்பதே கேள்வி.

2020 மார்ச் 19ந் தேதி பிரதம மந்திரி பேசும்போது, 60, 65 வயதைத் தாண்டியவர்கள் சில வாரங்களுக்கு வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மே முதல் தேதி வெளியான உள்துறை உத்திரவிலோ அது வேண்டுகோளாக இல்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும், அத்தியாவசியத் தேவைக்கும் வைத்தியத்துக்கும் தவிர, வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கட்டளையாகவே போட்டுவிட்டார்கள். அறுபத்தைந்து வருஷம் உழைத்து, வரி கொடுத்து, பிள்ளைகளை ஆளாக்கி, இந்த நாட்டைத் தூக்கி நிறுத்தியவனையும் பத்து வயதுக் குழந்தையையும் ஒரே வரியில் எழுதினார்கள்!

இது எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்குப் பம்பாயில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். 2020 மே 30ந் தேதி மகாராஷ்டிர சர்க்கார் சினிமாப் படப்பிடிப்புக்கு அநுமதி கொடுத்தபோது, 65 வயதுக்கு மேற்பட்ட நடிகரோ தொழிலாளியோ படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கே வரக்கூடாது என்று விதித்தது. நாற்பது வருஷ காலமாகச் சில்லறை வேஷங்கள் போட்டு வயிறு வளர்த்து வந்த 70 வயது நடிகர் ஒருவர், "எனக்கு இதைத் தவிர வேறு பிழைப்புக் கிடையாதே" என்று ஹைக்கோர்ட்டுக்குப் போனார். அதே வயதுக்காரன் கடை திறந்து நாளெல்லாம் உட்கார்ந்திருக்கலாம். வேஷம் போட்டால் மட்டும் நோய் வந்துவிடுமா என்பதுதான் விஷயம். இந்த விதிக்கு ஆதாரமாக ஒரு புள்ளிவிவரத்தையோ ஓர் ஆராய்ச்சியையோ சர்க்காரால் காட்ட முடியவில்லை. ஆகஸ்டு 7ந் தேதி கோர்ட்டு அந்த விதியைத் தள்ளிவிட்டது.

அந்த விதி பிறந்த நாளில் அந்த ராஜ்யத்தின் கவர்னருக்கு வயது 77. அந்த மந்திரி சபையைக் கூட்டி வைத்தவர்களில் முதல்வரான சரத் பவாருக்கு 79. நாட்டின் ஜனாதிபதிக்கு 74. நாட்டை ஆளுவதற்கு 79 வயது அதிகம் இல்லையாம். ஆனால் காமிராவுக்கு முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசிக் கூலி வாங்குவதற்கு 66 வயது அதிகமாம்! அதிகாரம் இருக்கிற கிழவனை நோய்க் கிருமி மரியாதையோடு விட்டுவிடும், கூலிக்காரக் கிழவனை மட்டும் பிடிக்கும் என்று எந்த வைத்திய சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

இப்படிப்பட்ட புத்தி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியாவிலும் 70 வயதுக்கு மேற்பட்டவர்களை 2020ல் மாதக் கணக்கில் வீட்டில் அடைத்து வைத்தார்கள். ஆனால் அந்த நாட்டுக் கிழவர்கள் சும்மா இருக்கவில்லை. "நரைமுடிக் கலகம்" என்றே பெயர் வைத்துக்கொண்டு, தங்களை மற்றக் குடிமக்களை விடத் தாழ்வாக நடத்துவது கூடாது என்று வழக்குப் போட்டு, அந்த ஜூலை மாதத்திலேயே ஜெயித்தும் விட்டார்கள். அவர்கள் நோயை மறுக்கவில்லை. புத்தி சொன்னால் கேட்டுக்கொள்ளுகிறோம், குழந்தைகள் மாதிரி நடத்தினால் கேட்கமாட்டோம் என்றார்கள். இதற்குத்தான் சுயமரியாதை என்று பெயர்.

நிற்க, நம் ஊர்க் கிழவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? பிரசாரத்துக்காகக் கோவை, சேலம் ஜில்லாக்களில் நாம் சுற்றி வரும்போதெல்லாம் இதைப் பற்றி விசாரிப்பதுண்டு. வீட்டில் இருக்கச் சொன்னதே தப்பு என்று சொன்னவர்கள் மிகச் சொற்பம். "இருன்னாங்க, இருந்தோம். ஆனா ஊசியைப் போட்டுக்க மட்டும் நாங்களே நடந்து வரணும்னாங்களே, அது என்ன நியாயம்?" என்றார் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர். அவர் தம் கையில் உள்ள தழும்பைக் காட்டி, "எனக்கு அம்மை குத்தினவர் சைக்கிளிலே எங்க வீட்டுக்கே வந்தாருங்க" என்றும் சொன்னார்.

அந்தக் கிழவர் கேட்ட கேள்விக்கு எந்த மந்திரியாவது பதில் சொல்லட்டும். பெரியம்மையை ஒழிப்பதற்காக 1970களில் இந்த நாட்டில் வீடு வீடாக ஏறித் தேடினார்கள். 1975ல் கடைசி நோயாளியோடு அது தொலைந்தது. இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்தைக் குளிர்ப் பெட்டியில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு அந்த நோயும் இங்கே இல்லாமல் போயிற்று. ஆனால் 75 வயதானவர்களுக்கும் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கும் வீட்டிலேயே கொரோனா ஊசி போட வேண்டும் என்று 2021ல் பம்பாய் ஹைக்கோர்ட்டில் கேட்டபோது, மத்திய சர்க்கார் முடியாது என்று கையை விரித்தது. மருந்து கெட்டுப் போகுமாம், வீணாகுமாம், போட்ட பிறகு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமாம். குளிர்ப் பெட்டியில் சொட்டு மருந்து போன தெருவில் ஊசி மருந்து போகாதா? அரை மணி நேரம் உட்காருவதற்குக் கிழவன் வீட்டில் திண்ணை இல்லையா? கேரளத்தில் மட்டும் எப்படி முடிகிறது என்று கோர்ட்டே கேட்க வேண்டி வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் முகாம் போடுகிறோம் என்று மே மாதத்தில் சொன்னவர்கள், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஊசி போடலாம் என்று சொல்லச் செப்டம்பர் 23ந் தேதி ஆயிற்று. அதற்குள் இரண்டாவது அலை எழுந்து, அடித்து, பிணங்களைக் குவித்துவிட்டு ஓய்ந்தே போயிற்று.

இதை விட வேடிக்கை ஒன்று உண்டு. அதே 2021 ஏப்ரல் 6ந் தேதி தமிழ்நாட்டில் சட்டசபை எலெக்ஷன் நடந்தது. 80 வயதுக்கு மேற்பட்டவர்கள் விரும்பினால் வீட்டில் இருந்தபடியே ஓட்டுப் போடலாம் என்று வசதி செய்தார்கள். உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது, வீடியோ எடுக்க ஆளும் வந்தார். அந்த வசதியை நாம் குறை சொல்லவில்லை; நல்ல காரியம். ஆனால் ஓட்டை வாங்கிக்கொண்டு போகக் கிழவியின் வீடு தெரிந்த ராஜாங்கத்துக்கு, உயிர் காக்கும் மருந்தைக் கொண்டுவந்து கொடுக்க மட்டும் அதே வீடு எப்படித் தெரியாமல் போயிற்று? எலெக்ஷன் கமிஷன் வேறு, சுகாதார இலாகா வேறு என்று சமாதானம் சொல்லுவார்கள். கிழவிக்கு இருப்பது ஒரே கதவுதானே!

இனிப் பணக் கணக்கைப் பார்ப்போம். அன்பு எவ்வளவு என்பது பேச்சில் தெரியாது, பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியும். கொள்ளை நோய்க் காலத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ள ஓர் ஏழைக்கு முதியோர் பென்ஷனாக மத்திய சர்க்கார் கொடுத்த பங்கு மாதம் 200 ரூபாய். 80 தாண்டினால் 500 ரூபாய். தமிழ்நாட்டில் ராஜ்ய சர்க்காரின் பங்கும் சேர்ந்து 1,000 ரூபாய் கிடைத்தது. வேலை, வியாபாரம் எல்லாம் ஸ்தம்பித்து நின்ற அந்த நாளில் விசேஷ உதவி என்று மத்திய சர்க்கார் அறிவித்தது மொத்தம் 1,000 ரூபாய். அதையும் 500, 500 ஆக இரண்டு தவணையில் கொடுத்தார்கள்.

கொடுத்தது இது. எடுத்ததைக் கேளுங்கள். 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை சுமார் 65 லட்சம் மத்திய சர்க்கார் பென்ஷன்காரர்களுக்கு வர வேண்டிய மூன்று தவணை அகவிலை உயர்வை நிறுத்தி வைத்தார்கள். பிற்பாடு விகிதத்தை உயர்த்தினார்களே ஒழிய, விட்டுப்போன மாதங்களின் பாக்கியைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். உத்தியோகத்தில் இருப்பவர்கள், ஓய்ந்தவர்கள் ஆகிய இரு சாராரிடமும் இப்படி மிச்சம் பிடித்த தொகை 34,402 கோடி ரூபாய் என்று பார்லிமெண்டிலேயே கணக்கும் சொன்னார்கள்.

ரயில் சார்ஜு விஷயம் இன்னும் அழகு. 60 வயதான ஆண்களுக்கு நூற்றுக்கு 40ம், 58 வயதான பெண்களுக்கு நூற்றுக்கு 50ம் குறைத்து வந்த சலுகையை 2020 மார்ச் 20ந் தேதி நிறுத்தினார்கள். அநாவசியப் பிரயாணத்தைத் தடுத்து நோய் பரவாமல் காக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். சரி, நம்புவோம். 2021 நவம்பரில் ரயில்கள் எல்லாம் பழைய எண்ணோடும் பழைய சார்ஜோடும் ஓடத் தொடங்கின. ரயில் திரும்பி வந்தது, கூட்டம் திரும்பி வந்தது. கிழவர்களின் சலுகை மட்டும் அதோடு திரும்பி வரவில்லை. பிற்பாடு பார்லிமெண்டில் கேட்டபோது, எல்லாப் பிரயாணிகளுக்குமே பாதிச் செலவை ரயில்வே தாங்குகிறது, சலுகையை மறுபடியும் கொடுப்பது சரிப்படாது என்றார்கள். அப்படியானால் முதலில் சொன்ன நோய்க் காரணம் எங்கே போயிற்று? நோயைக் காட்டிப் பிடுங்கியதை நோய் போன பிறகு திருப்பிக் கொடுக்காமல் இருப்பதற்கு நாட்டு வழக்கத்தில் என்ன பெயர் என்பதை வாசகர்களே சொல்லிக்கொள்ளட்டும்.

கிழவர்களிடம் சர்க்கார் எதையும் கேட்கவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மார்ச் 22ந் தேதி மாலை 5 மணிக்குத் தட்டைத் தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5ந் தேதி இரவு 9 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு 9 நிமிஷம் அகல் ஏற்றச் சொன்னார்கள். கிழவர்களும் தட்டினார்கள், ஏற்றினார்கள். சடங்குக்குக் கூப்பிட்டவர்கள் யோசனைக்குக் கூப்பிடவில்லை என்பதே நமது புகார். கொள்ளை நோய்கள் பலவற்றைக் கண்ணால் கண்டு, பிழைத்து வந்தவர்களுடைய அநுபவம் அகல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றத்தானா பயன்பட வேண்டும்?

"அவசர காலத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" என்று சில புத்திசாலிகள் கேட்கலாம். முதல் வாரத்தில் முடியாதுதான், ஒப்புக்கொள்ளுகிறோம். இரண்டாவது மாதத்தில்? ஆறாவது மாதத்தில்? ஒரு வருஷம் கழித்து வந்த இரண்டாவது அலையில்? கமிட்டிகளுக்கு டாக்டர்கள் கிடைத்தார்கள், அதிகாரிகள் கிடைத்தார்கள், முதலாளிகளும் கிடைத்தார்கள். பென்ஷன் வாங்கும் ஒரு கிழவியும், விவசாயக் கூலி வேலை செய்து ஓய்ந்த ஒரு கிழவனும் மாத்திரம் நாடு பூராவும் தேடியும் அகப்படவில்லையா?

கடைசியாகக் கிழவர்களுக்கும் ஒரு வார்த்தை. "போகிற வயசு, நமக்கு எதற்குத் தம்பி இதெல்லாம்?" என்று உங்களில் பலர் சொல்லுகிறீர்கள். இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அதிகாரத்தில் உள்ளவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். விதி என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் அவர்களுக்குக் கணக்குச் சொல்லும் வேலை மிச்சம். பண்டிகை நாளில் காலில் விழுந்து கும்பிடுகிறார்களே என்று மயங்கிவிடாதீர்கள். கும்பிடுவது வேறு, மதிப்பது வேறு. கல்லையுந்தான் கும்பிடுகிறார்கள், அதனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. உங்களைக் கும்பிட வேண்டாம், கேட்டால் போதும் என்று நீங்களே சொல்ல வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய காரியங்கள் அல்ல. அடுத்த கொள்ளை நோய் வந்தே தீரும் என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். அது வருமுன்னரே ஜில்லாதோறும் சுகாதாரக் கமிட்டியில் முதியோருக்கு, அதிலும் ஏழை முதியோருக்கும் பெண்களுக்கும், இடம் இருக்க வேண்டும். வயதை மாத்திரம் காட்டிப் போடும் எந்தக் கட்டளைக்கும் அதற்கு உரிய ஆதாரத்தை அன்றைக்கே அச்சிட்டு வெளியிட வேண்டும். ஓட்டுக்கு வீடு தேடி வரும் வசதி மருந்துக்கும் வர வேண்டும். நோயைச் சாக்காகக் காட்டி நிறுத்திய சலுகைகளையும் பாக்கிகளையும் கொடுத்துத் தீர்க்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, வீட்டில் இருங்கள் என்று சொன்னால் கிழவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு உயிர் வேண்டாததில்லை. அதுவரையில் முதியோரைக் காப்பாற்றினோம் என்று மார் தட்டிக்கொள்ளும் யோக்கியதை எந்த சர்க்காருக்கும் கிடையாது என்பதே நமது அபிப்பிராயம்.