ஊர் ஊராகப் போன கிழவர்

உங்கள் வீட்டில் பென்ஷன் வாங்கும் தாத்தா இருக்கிறாரா? காலையில் பத்திரிகையை விரித்தால், "இந்தச் சர்க்காருக்குப் புத்தி எங்கே போயிற்று?" என்று ஆரம்பித்துவிடுவார். "ஆகட்டும் தாத்தா, காப்பி ஆறுகிறது" என்று நீங்களும் நகர்ந்துவிடுவீர்கள்.

ஒரு தேசமே அப்படி நகர்ந்துகொண்ட கதை இது.

தாத்தாவின் பெயர் ராபர்ட்ஸ் பிரபு. 1832-ல் கான்பூரில் பிறந்தவர், குள்ளமான மனிதர். 1880-ல் காபூலிலிருந்து காந்தஹாருக்குச் சுமார் பதினாயிரம் பேரை நடத்திச் சென்று புகழ் பெற்றார். பிறகு நம் சென்னைப் பட்டாளத்துக்குச் சேனாதிபதியாகி, 1881 முதல் 1885 வரை இருந்தார். ஊட்டிக் குளிர் அவருக்குப் பழக்கமானதுதான்.

1899 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவில் கொலன்ஸோ போரில், பீரங்கிகளை மீட்கப் போன அவருடைய ஒரே மகன் காயம்பட்டு இறந்தான். தந்தைக்குக் கிடைத்திருந்த விக்டோரியா சிலுவை மகனுக்கும் கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவன் இல்லை. அந்த மாதமே கிழவர் அதே யுத்தத்துக்குத் தலைமை ஏற்கக் கப்பலேறினார்.

1904-ல் பதவி போயிற்று. வேறொருவர் ரோஜாச் செடி வைத்திருப்பார். இவரோ 1905-ல் தேசிய சேவைச் சங்கத்தின் தலைவராகி மேடை மேடையாக ஏறினார். ஐரோப்பாவில் வாலிபர்களுக்கெல்லாம் ராணுவப் பயிற்சி தருகிறார்கள். இங்கிலாந்திலோ இஷ்டப்பட்டவர்தான் சேருகிறார். ஆகவே கட்டாயப் பயிற்சி வேண்டும் என்பது அவர் வாதம். 1909-ல் பிரபுக்கள் சபையில் மசோதா வந்து தோற்றது. 1912-ல் மான்செஸ்டரில், ஜெர்மனி சமயம் பார்த்துப் பாயும் என்றார். "யுத்த வெறியர்!" என்றார்கள் எதிர்த்தவர்கள்.

1914 ஆகஸ்டில் யுத்தம் வந்தது. நவம்பரில், பிரான்ஸுக்கு வந்திருந்த இந்தியத் துருப்புகளைப் பார்க்கப் போனார். எண்பத்திரண்டு வயது, கடுங்குளிர், நிமோனியா. 14-ஆம் தேதி அங்கேயே கண்ணை மூடினார். 1916-ல் கட்டாய ராணுவ சேவை சட்டமாயிற்று.

"பார்த்தீர்களா, தாத்தா சொன்னது பலித்தது!" என்று அவசரப்படாதீர்கள். எதிரி இங்கிலாந்திலேயே வந்து இறங்குவான், உள்நாட்டுக் காவலுக்கு ஆள் வேண்டும் என்பதுதான் அவர் பயம். எதிரி இறங்கவில்லை, பிள்ளைகள் கடல் தாண்டிப் போய் மடிந்தார்கள்.

இன்னொன்று நமக்கே உறைக்கும். வடக்கத்தி ஜாதியார்தான் வீரர்கள், சென்னைச் சிப்பாய்கள் அவர்களுக்கு ஈடில்லை என்று ராபர்ட்ஸ் தம் புத்தகத்திலேயே எழுதியவர். அந்த எண்ணம் வேரூன்றி, சென்னைக் காலாட்படை 1920-களில் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தம் வந்தபோதுதான் மறுபடி உயிர் பெற்றது. இன்று மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையிடம் எங்கே தெரியுமா? அவர் உலாவிய நீலகிரியில், வெலிங்டனில்!

ஆக, அநுபவசாலி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். பட்டாளத்து அநுபவம் பொய் பேசாது. ஆனால் அதற்கும் பிடிவாதம் உண்டு, ஓரக்கண் உண்டு. கேட்டபின் நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பயிற்சிக்குப் போகிறவன் நம் வீட்டுப் பிள்ளை அல்லவா?

ஒன்று மட்டும் மறக்க முடியவில்லை. ஊரார் பிள்ளைகளைக் கேட்டு மேடையேறிய அந்தக் கிழவர், தம் பிள்ளையை முன்னமே கொடுத்துவிட்டு வந்தவர்.

நாளைக் காலை தாத்தா பத்திரிகையை விரிக்கும்போது, காப்பியைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்துதான் பாருங்களேன்!