கப்பல் யாருடையது? வெள்ளி யாருடையது?

ஸ்பெயினின் பழைய பாய்க்கப்பல்களுக்கு இரண்டு முகங்கள். கடலிலே அவை பீரங்கி தாங்கிய போர்க்கலங்கள். வயிற்றிலோ வணிகரின் வெள்ளி. எந்த முகத்தை எப்போது காட்டுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

1804 ஒக்டோபர் 5ஆம் நாள், போர்த்துக்கல் கரைக்கு அப்பால் "மெர்செதெஸ்" என்னும் கப்பல் பிரிட்டிஷாரின் தாக்குதலில் வெடித்து மூழ்கியது. அது சுமந்து வந்தது பெரு நாட்டில் அச்சிடப்பட்ட வெள்ளி. 2007இல் அமெரிக்க நிறுவனமொன்று ஏறத்தாழ ஆறு லட்சம் நாணயங்களை அள்ளிச் சென்றது. வழக்கு மூண்டது. சரக்கிலே பெரும்பகுதி தனியார் வணிகருடையது. ஆகவே இஃது வணிகப் பயணமே என்றது நிறுவனம். கடற்படைக் கப்பல் என்றது ஸ்பெயின். ஓர் அரசின் போர்க்கப்பலை வேற்று நாட்டு நீதிமன்றம் தீண்டலாகாது. கப்பலுக்குள்ள அக்காப்பு அதன் சரக்கிற்கும் உண்டு என 2011இல் மேன்முறையீட்டு மன்றம் தீர்த்தது. மறு ஆண்டு நாணயங்கள் ஸ்பெயின் சேர்ந்தன.

புதையல் வேட்டைக்காரருக்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் பெருவும் அவ்வழக்கில் நின்றதே! எம் மண்ணின் வெள்ளி என்றதே! அக்கோரிக்கை பொய்யென்று எவரும் தீர்க்கவில்லை. இரு அரசுகளின் பிணக்கைத் தீர்ப்பது இம்மன்றத்தின் வேலையன்று என ஒதுக்கினர். கேட்கப்படாத வழக்கு தோற்ற வழக்காகுமா?

இப்போது "சான் ஹோசே". அறுபதுக்கு மேற்பட்ட பீரங்கிகளுடன் 1708 ஜூன் 8இல் கார்ட்டஹேனா அருகே மூழ்கிய கலியோன் வகைக் கப்பல் அது. 2015இல் அதனைக் கண்டதாகக் கொலம்பியா அறிவித்தது. எம் கடல் என்கிறது கொலம்பியா. எம் போர்க்கப்பல் என்று மீண்டும் அதே முகத்தைக் காட்டுகிறது ஸ்பெயின். முன்னரே கண்டது யாமே என்கிறது ஓர் அமெரிக்க நிறுவனம்.

நான்காவதாக ஒரு குரல் உண்டு. பொலிவியாவின் கரா கரா மக்களுடைய குரல் அது. எம் முன்னோர் பொத்தோசி மலையைக் குடைந்தெடுத்த வெள்ளி என்கின்றனர். அம்மலைக்கு "மித்தா" என்னும் கட்டாய ஊழியத்தின்கீழ் ஆண்டுதோறும் பதின்மூவாயிரம் ஆடவரளவில் ஊர் ஊராகத் திரட்டப்பட்டனர். 1570களில் ஸ்பானிய அரசப்பிரதிநிதி தொலேதோ ஒழுங்குசெய்த இம்முறை 1812 வரை சட்டமாகவே நின்றது. உழுதவன் கணக்கில் உழக்கு மிஞ்சாத கதையை நம் விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. இவர்களுக்கோ கணக்குப் பார்க்கும் உரிமையே இருந்ததில்லை.

கொடியைக் காட்டிச் சரக்கைக் கோருவோர், அச்சரக்கு எவ்வாறு ஏறியதென்றும் சொல்லட்டும். சான் ஹோசேயின் பொருளைப் பற்றிப் பேசும் எந்த மேசையிலும் கரா கரா மக்களின் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். அவ்விடம் பார்வையாளர் வரிசையில் அன்று, வழக்காளர் வரிசையிலே!