எழுத்தைக் காணோம்!

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. என் அக்காள் மகளுக்கு. நாங்கள் அரக்கோணம். மாப்பிள்ளை வீட்டார் நகரி. திருத்தணியைத் தாண்டினால் நகரி; அது ஆந்திரம். திருத்தணி மலையில் தாலி கட்டுவது என்று முடிவு ஆயிற்று. பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் தெலுங்கு. எல்லை ஓரத்து ஊர்களில் இது சகஜம்.

டிசைன் செய்தவன் என் அக்காள் மகன். சென்னையில் வேலை பார்க்கிறான். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். அதை அரக்கோணத்தில் ஓர் அச்சகத்துக்குக் கொண்டு போனோம். கம்ப்யூட்டரில் திறந்ததும் ஒரு கட்டம் வந்தது. "இந்தக் கோப்பில் உள்ள எழுத்துரு இங்கே இல்லை. வேறு எழுத்துருவைப் போடட்டுமா?" என்று அது கேட்டது. அங்கே இருந்த பையன் படிக்கவில்லை. "சரி" என்று தட்டிவிட்டான்.

தமிழ்ப் பக்கம் முழுவதும் இங்கிலீஷ் எழுத்தாக நின்றது! எல்லோரும் சிரித்தோம். உடனே சென்னைக்குப் போன் போட்டோம். எழுத்துருவை வரவழைத்தோம். தமிழ் சரியாகிவிட்டது.

தெலுங்குப் பக்கத்தை யார் பார்த்தது? அங்கே தெலுங்கு படித்தவர் ஒருவரும் இல்லை. எழுத்துகள் தெலுங்கு மாதிரிதான் இருந்தன. போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 500 பத்திரிகை அச்சாகி வந்தது.

தெலுங்கில் ஒரு மெய்யெழுத்துக்குக் கீழே இன்னொரு எழுத்து சிறிதாக ஒட்டி நிற்கும். "அம்மா" என்று எழுதினால் இரண்டாவது "ம" அடியில் போய் உட்காரும். மாற்றாக வந்த எழுத்தில் அந்த ஒட்டுதல் நடக்கவில்லை. எழுத்துகள் துண்டு துண்டாக நின்றன.

மாப்பிள்ளையின் தாத்தா பத்திரிகையைக் கையில் வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்த்தார். "என் பேரை உடைச்சுட்டீங்களே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ஏன் இப்படி ஆகிறது?

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது ஓர் எண். எழுத்துரு என்பது அந்த எண்ணுக்குப் போடும் சட்டை. பழைய தமிழ் எழுத்துருக்களில் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். இங்கிலீஷ் எழுத்தின் எண்ணுக்கே தமிழ்ச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். "பாமினி" என்ற எழுத்துரு அப்படிப்பட்டது. அதில் "அம்மா" என்று அடித்தால் கம்ப்யூட்டர் மனத்தில் வைத்துக் கொள்வது என்ன தெரியுமா? எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச்! பாமினி இருக்கும் வரையில் அம்மா தெரிவாள். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அம்மாவைக் காணோம்.

அந்த நாளில் கம்பெனிக்கு ஒரு முறை இருந்தது. ஒருவர் அடித்ததை மற்றவர் படிக்க முடியவில்லை. 1999-ல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்தது. பொது முறை வேண்டும் என்று பேசி, தமிழ்நாடு அரசு சில தரங்களை அறிவித்தது. அதற்கு முன்பே, 1991-ல், உலக மொழிகளுக்கான யூனிகோட் முறையில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. அதில் தமிழ் எழுத்துகளுக்குச் சொந்த எண்கள் உண்டு. 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் அடித்தால், எழுத்துரு தொலைந்தாலும் எழுத்து தொலையாது. வேறு தமிழ் எழுத்துருவில் தெரியும். அழகு மாறும், வரி நீளும், பெயர் பிழைக்கும். அதற்கும் வழி இல்லை என்றால் வெறும் கட்டம் தெரியும்.

ஈய எழுத்துக் காலத்திலும் எழுத்துப் பஞ்சம் உண்டு. பெட்டியில் "ஸ்ரீ" தீர்ந்து போகும். கம்பாசிட்டர் என்ன செய்வார்? வேறு ஓர் எழுத்தைத் தலைகீழாக நட்டு வைப்பார். புரூப் தாளில் அந்த இடம் கறுப்பாக விழும். பிழை பார்ப்பவர் கண்ணில் அது குத்தும். கம்ப்யூட்டரோ சத்தம் போடாமல் வேறு ஒன்றை வைத்துவிடுகிறது. ஒரு முறைதான் கேட்கிறது. அதற்கும் நாம் "சரி" என்கிறோம்!

யார் பொறுப்பு?

"எழுத்துருவைக் கொண்டு வரவேண்டியது உங்கள் வேலை" என்கிறார் அச்சகத்துக்காரர். "அச்சகம் என்றால் எழுத்து இருக்க வேண்டாமா?" என்கிறார் வந்தவர். என்னைக் கேட்டால், முதல் பொறுப்பு டிசைன் செய்தவருக்குத்தான். எழுத்துருவை உள்ளேயே பதித்துப் பி.டி.எப். ஆகக் கொடுத்தால் போதும். எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படியே தெரியும். எங்கள் பிள்ளை அதைச் செய்யவில்லை. அவனிடம் சொன்னேன், அவன் அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

எழுத்தைப் படமாக, கோடாக மாற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. அச்சுக்கு அது நல்லது. ஆனால் அதன் பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. முகூர்த்த நேரம் மாறினால் முதலிலிருந்து அடிக்க வேண்டும். ஆகவே திருத்தக் கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக் கொள்ள வேண்டும்.

"எழுத்துருவையே காப்பி அடித்துக் கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். விலைக்கு வாங்கியதை அப்படிக் கொடுக்கக் கூடாது. ஒரு தமிழ் எழுத்துருவை வரைவது லேசான வேலை அல்ல. காசு இல்லாமலே கிடைப்பவையும் இருக்கின்றன. முக்தா மலர், கேட்டமரன், நோட்டோ தமிழ் எல்லாம் அப்படித்தான்.

கல்யாணப் பத்திரிகையாவது மறுபடி அச்சடித்துக் கொள்ளலாம். எனக்குப் பெரிய கவலை வேறு. பழைய அச்சகங்களில் குறுந்தகடுகள் கிடக்கின்றன. கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், சங்கத்து வரலாறு எல்லாம் அவற்றில் உண்டு. பல, பழைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடித்தவர் உயிரோடு இருந்தால், எந்த எழுத்துரு என்றாவது அவரைக் கேட்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தகடு இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை தேடிப் பாருங்கள்.

எங்கள் பத்திரிகை என்ன ஆயிற்று என்கிறீர்களா? மறுபடி 500 அடித்தோம். பாதிச் செலவு அச்சகம், பாதி நாங்கள். இந்தத் தடவை புரூப் தாளைத் தாத்தாவிடமே கொண்டு போனேன். நகரியில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். இரண்டு பிழை கண்டுபிடித்தார். இரண்டும் தமிழ்ப் பக்கத்தில்!