அம்ப்ளிபயரைக் கேட்காமல் ஸ்பீக்கர் விற்காதீர்கள்

மின் உபகரண வியாபாரத்தில் ஈடுபட்டிருக்கும் சகோதரர்களிடம் இந்த வாரம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஸ்பீக்கர் கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு விலையைச் சொல்வதற்கு முன்னர், அவருடைய வீட்டில் இருக்கும் செட் எது என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், அதன் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். அந்தப் படத்தைப் பார்க்காமல் ஒரு சோடி ஸ்பீக்கர் கூட உங்கள் கடையை விட்டு வெளியே போகக் கூடாது.

"ஸ்பீக்கர் என்றால் ஸ்பீக்கர்தானே, இரண்டு வயரைக் கொழுவினால் பாடும்" என்று பலர் நினைக்கிறார்கள். பாடும், உண்மைதான். எப்படிப் பாடும், எத்தனை நாளைக்குப் பாடும் என்பதுதான் கேள்வி. வாடிக்கையாளரின் பணமும் நமது கடையின் பெயரும் இந்த இரண்டு கேள்விகளில்தான் தங்கியிருக்கின்றன.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

முன்பெல்லாம் ஹோம் தியேட்டரில் ஒரு பாகம் பழுதானால் முழுச் செட்டையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கினார்கள். இப்போது அப்படி வாங்க எல்லோராலும் முடியாது. 2022 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவரை போனது. ஓகஸ்ட் மாதத்தில் பல நூறு வகைப் பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் இடைநிறுத்தியது. 2023 இல் தடைகள் கட்டம் கட்டமாகத் தளர்த்தப்பட்டாலும் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரியும் 18 சதவீதமாகியது.

எனவே வாடிக்கையாளர் பழைய செட்டை வைத்துக்கொண்டு, பழுதான ஸ்பீக்கரை மட்டும் மாற்றப் பார்க்கிறார். இது புத்திசாலித்தனமான முடிவு. நமக்கும் இது நல்ல வியாபாரம். ஆனால் புதுச் செட் விற்பதற்குத் தேவைப்படாத ஓர் அறிவு, பழைய செட்டுக்குப் பொருத்தமான ஸ்பீக்கரை விற்பதற்குத் தேவைப்படுகிறது. புதுச் செட்டில் பொருத்தம் பார்க்கும் வேலையைக் கம்பனிக்காரன் செய்து முடித்திருப்பான். பழைய செட்டுக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் கடைக்காரர்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்க வீடுகளில் இருக்கும் செட்டுகளில் கணிசமானவை வளைகுடா நாடுகளிலிருந்து பெட்டியில் கட்டி வந்தவை. டிவிடி பிளேயரும் அம்ப்ளிபயரும் ஒன்றாக அமைந்த, ஐந்து சின்ன ஸ்பீக்கரும் ஒரு சப்வூபரும் கொண்ட செட்டுகள். சிக்கல் அதிகம் வருவதும் இவற்றில்தான்.

ஓர் உதாரணம்

அண்மையில் ஏறாவூரிலிருந்து ஒருவர் எனது கடைக்கு வந்தார். கட்டாரில் வேலை செய்த காலத்தில் கொண்டுவந்த செட் அவருடையது. முன்பக்க ஸ்பீக்கர் இரண்டும் பழுதாகிவிட்டதால் வேறோர் ஊரில் ஒரு கடையில் ஆளுயர ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்கியிருந்தார். "காக்கா, பழைய சின்னப் பெட்டி தந்த சத்தம் கூட இந்தப் பெரிய பெட்டியில வரல்ல. வித்தவரிட்ட கேட்டா, பாவிக்கப் பாவிக்கச் சரியாகும் என்கிறார்" என்றார்.

ஸ்பீக்கரில் ஒரு பழுதும் இல்லை. அவருடைய செட்டின் பின்பக்கத்தில் ஸ்பீக்கருக்கு 3 ஓம் என்று எழுதியிருந்தது. புதிய ஸ்பீக்கர் 8 ஓம். ஓம் கூடினால் அம்ப்ளிபயரிலிருந்து போகும் மின்னோட்டம் குறையும். 3 ஓமுக்குக் கொடுக்கும் வலுவில் எட்டில் மூன்று பங்குதான் 8 ஓமுக்குப் போகும். அத்துடன் இவ்வாறான பல செட்டுகளில், தாழ்ந்த ஒலியை அம்ப்ளிபயர் சப்வூபருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, மற்ற ஸ்பீக்கர்களுக்கு உயர்ந்த ஒலியை மட்டுமே அனுப்புகிறது. ஆளுயரப் பெட்டியை வைத்தாலும் அதற்குள் இடி முழக்கம் போகவே போகாது. அந்தச் சகோதரர் பெரிய பெட்டிக்குக் கொடுத்த மேலதிகப் பணம் அத்தனையும் வீண். அவருக்குத் தேவைப்பட்டது அதே ஓம் அளவுள்ள ஒரு சோடி சின்னப் பெட்டி மட்டுமே.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. குறைந்தது 8 ஓம் வேண்டும் என்று எழுதியிருக்கும் அம்ப்ளிபயரில் 4 ஓம் ஸ்பீக்கரைக் கொழுவினால் மின்னோட்டம் இரண்டு மடங்கு வரை போகும். அம்ப்ளிபயர் சூடாகும். நல்லதென்றால் தானாக நின்றுவிடும்; மலிவானதென்றால் கருகிவிடும். 8 ஓம் பெட்டி இரண்டை ஒரே வயரில் பக்கம் பக்கமாக இணைத்தாலும் 4 ஓம் ஆகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நமது வெப்பத்தில், காற்றோட்டமில்லாத அலுமாரிக்குள் வைத்த அம்ப்ளிபயருக்கு இது தாங்காது.

வொட் என்னும் மாயம்

வாடிக்கையாளர் முதலில் கேட்பது "எத்தனை வொட்?" என்றுதான். பெட்டியில் 3000 வொட் பி.எம்.பி.ஓ. என்று பெரிய எழுத்தில் இருக்கும். பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது. உண்மை தெரிய வேண்டுமானால் பின்பக்கத் தகட்டில் மின் நுகர்வு எவ்வளவு என்று பாருங்கள். சுவரிலிருந்து 60 வொட் எடுக்கும் ஒரு கருவி, தொடர்ந்து 3000 வொட்டை வெளியே தர முடியாது. நாம் சொல்ல வேண்டியது ஆர்.எம்.எஸ். வொட் கணக்கையே.

வொட்டை விட முக்கியமான ஓர் இலக்கம் இருக்கிறது. ஒரு வொட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்பதே அது. 90 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 87 டெசிபல் ஸ்பீக்கர் தருவதற்கு இரண்டு மடங்கு வொட் வேண்டும். 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு நான்கு மடங்கு வேண்டும். சின்ன அம்ப்ளிபயர் வைத்திருப்பவருக்கு டெசிபல் கூடிய ஸ்பீக்கரைக் கொடுத்தால், அம்ப்ளிபயரை மாற்றாமலே சத்தம் கூடும்.

இன்னொரு விடயம். சின்ன அம்ப்ளிபயர் பெரிய ஸ்பீக்கரை எரிக்காது என்பது தவறான நம்பிக்கை. வலு போதாத அம்ப்ளிபயரை முழுச் சத்தத்தில் வைத்தால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டு, அந்தக் கரகரப்பு ட்வீட்டரைக் கருக்கிவிடும். ட்வீட்டர் எரிந்து வரும் ஸ்பீக்கரைக் கண்டால், ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன்னர் அம்ப்ளிபயரின் அளவைக் கேளுங்கள்.

குரல் பொருத்தம்

ஓமும் வொட்டும் சரியாக இருந்தாலும் ஒரு சிக்கல் மீதமிருக்கும். ஐந்து ஸ்பீக்கரும் ஒரே குரலில் பேச வேண்டும். குறிப்பாக முன்னால் இருக்கும் மூன்றும், அதாவது இடது, நடு, வலது ஆகியவை, ஒரே கம்பனியின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருப்பது நல்லது. திரையில் ஒருவர் பேசிக்கொண்டே இடமிருந்து வலமாக நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு ஸ்பீக்கர் வேறு ரகமாக இருந்தால், நடுவில் வந்ததும் அவருக்குத் தடிமன் பிடித்ததைப் போலக் குரல் மாறும். ரிசீவரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தூரத்தைச் சரிசெய்யலாம். குரலின் தன்மையை முழுமையாக மாற்ற முடியாது. மைக் வைத்துத் தானாக அளந்து சரிசெய்யும் ரிசீவர்களுக்கும் இந்த எல்லை உண்டு.

பின்பக்க ஸ்பீக்கர்களில் இந்தக் கண்டிப்பு தேவையில்லை. சப்வூபர் வேறு கம்பனியாக இருந்தாலும் பாதகமில்லை. ரிசீவரில் 80 ஹேர்ட்ஸ் அளவில் பிரித்துவிட்டால் பெரும்பாலும் ஒத்துப்போகும். எனவே கையில் காசு குறைந்தவருக்கு நான் சொல்வது இதுதான்: முன்பக்கம் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள், மிச்சமானதைப் பழையதே பார்த்துக்கொள்ளும். மூன்றையும் மாற்ற வசதியில்லாவிட்டால் இப்போதைக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம், பழுதானதைத் திருத்திப் பாவியுங்கள். இப்படிச் சொல்வதால் அன்றைய வியாபாரம் குறையலாம். ஆனால் அவர் திரும்பி வருவார்.

நமது மண்ணுக்குரிய கவனங்கள்

காத்தான்குடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஊர். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமாக இருந்தால் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். றப்பர் வளையம் உள்ளதையே பரிந்துரை செய்யுங்கள். வயரின் செம்பு கறுத்துப் பச்சை பிடித்திருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிக் கொழுவ வேண்டும். பல நேரங்களில் "ஸ்பீக்கர் பழுது" என்று வருவது வயர் பழுதுதான். அதைச் சொல்லிக் காசு வாங்காமல் அனுப்புவது நஷ்டமல்ல.

வெளிநாட்டிலிருந்து வந்த செட் என்றால் வோல்ட்டையும் பார்க்க வேண்டும். நமது நாட்டில் 230 வோல்ட். சவூதியில் நீண்ட காலமாக வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரமும் இருந்தது. அங்கிருந்து வந்த பழைய செட்டின் பின்பக்கத்தில் வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா, அது எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் கடையில் சொருகிப் பார்க்காதீர்கள்.

பள்ளிவாசல், கல்யாண மண்டபம் ஆகியவற்றின் ஒலிபெருக்கி வேலையை எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பெரும்பாலும் இருப்பது 100 வோல்ட் லைன் முறை. டோவா போன்ற கம்பனிகளின் அம்ப்ளிபயர்கள் இம்முறையில் வேலை செய்பவை. அந்த லைனில் வீட்டு 8 ஓம் பெட்டியை நேரடியாகக் கொழுவினால் அது எரிந்துவிடும், அம்ப்ளிபயருக்கும் கேடு. லைன் ட்ரான்ஸ்போமர் உள்ள ஸ்பீக்கரே வேண்டும். எல்லா ஸ்பீக்கர்களின் வொட்டையும் கூட்டினால் அம்ப்ளிபயரின் வொட்டைத் தாண்டக் கூடாது. 60 வொட் அம்ப்ளிபயரில் 15 வொட் கோளாம்பி நான்கு இருந்தால் கணக்கு நிரம்பிவிட்டது. ஐந்தாவதைக் கேட்கும் நிர்வாகிகளிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டியது நமது கடமை. அது ஊர் மக்களின் பொதுப் பணம்.

"பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே"

இதையெல்லாம் சொல்லும்போது சக வியாபாரிகள் கேட்பது ஒன்றுதான். "இவ்வளவு கேள்வி கேட்டால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே?" நியாயமான பயம். பிரதான வீதியில் ஒரே பொருளை விற்கும் கடைகள் தோளோடு தோள் நிற்கின்றன. வாடகையும் மின் கட்டணமும் காத்திருக்கின்றன.

ஆனால் நமது போட்டி பக்கத்துக் கடையோடு மட்டுமா? அதே பெட்டியைக் கொழும்பிலிருந்து இணையத்தில் வரவழைக்க இன்று எல்லோருக்கும் தெரியும். புறக்கோட்டை மொத்த விலையோடு மோதி நம்மால் வெல்ல முடியாது. இணையத்தில் வாங்குபவருக்குக் கிடைக்காத ஒன்றை நாம் கொடுக்க வேண்டும். அவருடைய பழைய செட்டைப் பார்த்து, "இது பொருந்தும், இது பொருந்தாது" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு மனிதர்தான் அந்த ஒன்று. கேள்வி கேட்பதை நிறுத்தினால் நாமும் வெறும் பெட்டி விற்பவர்கள். பெட்டி விற்பதற்கு நம்மை விட மலிவானவர்கள் இருக்கிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரை ஏமாற்றும் வகையில் நடந்துகொள்வதையும் பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் தருவதையும் தடைசெய்கிறது. வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பொருந்தாது என்று தெரிந்துகொண்டே "பொருந்தும்" என்று விற்பவர் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வியாபாரத்தில் குறையை மறைக்காதே என்று நமக்குக் கற்றுத்தந்த மார்க்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எனவே எனது யோசனைகள் சில:

ஒன்று, விற்பதற்கு முன் ஐந்து விடயங்களைக் கேளுங்கள்: அம்ப்ளிபயரின் மொடல், பின்பக்கத்தில் எழுதியுள்ள ஓம், ஆர்.எம்.எஸ். வொட், வயர் கொழுவும் முனையின் வகை, அறையின் அளவு. சில செட்டுகளில் கம்பனிக்கே உரிய நிறம் பூசிய முனைகள் இருக்கும். சாதாரண வயர் அதில் ஏறாது.

இரண்டு, பற்றுச்சீட்டில் ஸ்பீக்கரின் ஓமையும் ஆர்.எம்.எஸ். வொட்டையும் எந்த செட்டுக்காக விற்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். நாளை பிரச்சினை வந்தால் அது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

மூன்று, கடையில் ஒரு ரிசீவரும் ஒன்றரை வோல்ட் பற்றரி ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். பற்றரியை வூபரின் முனைகளில் ஒரு கணம் தொட்டால், சகமும் சயமும் சரியாக இருந்தால் கூம்பு வெளிப்பக்கம் தள்ளும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயர் மாறிக் கொழுவப்பட்டால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதை வாடிக்கையாளருக்குக் காட்டிக் கொடுங்கள்.

நான்கு, கடையில் நிற்கும் பையன்களுக்கும் இதைப் பழக்குங்கள். முதலாளி தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில் வரும் வாடிக்கையாளரும் நமது வாடிக்கையாளர்தான்.

பொருந்தாத சோடி ஒன்றை விற்று வரும் இலாபம் அன்று மாலைக்குள் கல்லாவில் தெரியும். அதனால் போன வாடிக்கையாளர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தெரியமாட்டார். தெரியாத நஷ்டத்தையும் கணக்கில் எடுப்பவரே இந்தக் கடைத்தெருவில் நீண்ட காலம் நிற்பார்.